மகிழ்ச்சியும் பந்தியும்

கிறிஸ்தவத்தை வெளியே நின்று பார்க்கிறவருக்கு அது துயரத்தின் மதமாகத் தெரிவதில் வியப்பில்லை. அதன் அடையாளமே ஒரு கொலைக்கருவி. ஆண்டுதோறும் நாற்பது நாள் தவக்காலம். பெரிய வெள்ளியன்று சிலுவையில் சொல்லப்பட்ட ஏழு வார்த்தைகளை ஒவ்வொன்றாக எடுத்து மணிக்கணக்கில் தியானம். பாவ அறிக்கையோடு தொடங்கும் ஞாயிறு ஆராதனை. சபைக்கு உள்ளே இருப்பவர்களிலும் பலர் மகிழ்ச்சிக்கு விளிம்பில்தான் இடம் ஒதுக்குகிறார்கள். கீழ்ப்படிந்து நடந்தவனுக்குக் கடைசியில் கிடைக்கும் கூலி என்று சிலர் நினைக்கிறார்கள். கிறிஸ்மஸுக்குக் கட்டி ஜனவரியில் கழற்றிவைக்கும் தோரணம்போல அது சிலருக்கு. மையத்தில் கடமை இருக்கிறது, ஒழுக்கம் இருக்கிறது, கோட்பாடு இருக்கிறது. மகிழ்ச்சி வந்தால் வரட்டும் என்ற மனநிலை. இது தலைகீழான வாசிப்பு என்பதே என் வாதம். அந்த விசுவாசத்தின் மூல நூல்களை வைத்துப் பார்த்தால் மகிழ்ச்சிதான் மையம். பக்தி அந்த மகிழ்ச்சி எடுக்கும் உருவம். கடமையும் ஒழுக்கமும் தியாகமும் அங்கிருந்து கிளம்புகிறவை. அந்த ஊற்று அடைபட்டால் மற்றவை சீக்கிரம் வறண்டுபோகின்றன, சில நேரம் விஷமாகவும் மாறிவிடுகின்றன.

நம் கையில் இருக்கும் மிகப் பழைய கிறிஸ்தவ எழுத்துகள் நற்செய்தி நூல்கள் அல்ல, பவுலின் கடிதங்கள். அவற்றில் பிலிப்பி நகரத்தாருக்கு எழுதியது நான்கே அதிகாரம் கொண்ட சிறிய கடிதம். மகிழ்தலைக் குறிக்கும் பெயரும் வினையுமாக அதில் பதினாறு இடங்கள் வருகின்றன. அதை எழுதியபோது பவுல் சிறையில் இருந்தார். அந்தச் சிறை ரோமிலா எபேசுவிலா என்று அறிஞர்கள் இன்னும் வாதாடுகிறார்கள். அவர் காவலில் இருந்தார் என்பதிலும், விடுதலையா மரணமா என்று தெரியாத நிலையில் எழுதினார் என்பதிலும் வாதம் இல்லை. பெறுகிறவர்களின் ஊரும் சாதாரண ஊரல்ல. அப்போஸ்தலர் நடபடிகள் தரும் வரலாற்றின்படி, அதே பிலிப்பியில்தான் பவுலும் சீலாவும் பிரம்படி பட்டு, தொழுமரத்தில் கால்கள் மாட்டப்பட்டு, நள்ளிரவில் பாடினார்கள். மற்றக் கைதிகள் கேட்டுக்கொண்டிருந்தார்கள். ஆகவே கடிதம் மகிழச் சொல்லும்போது, அதைச் சொல்கிறவரின் முதுகை நேரில் பார்த்தவர்களே அதை வாசித்தார்கள்.

மகிழ்ச்சி எத்தனை முறை வருகிறது என்பதைக் காட்டிலும், அது எவற்றுக்குப் பக்கத்தில் வருகிறது என்பது எனக்கு முக்கியமாகப் படுகிறது. பவுல் சிறையில் இருப்பதைப் பயன்படுத்திக்கொண்டு, பொறாமையால் அவருக்குப் போட்டியாகப் பிரசங்கம் செய்கிறவர்கள் வெளியே இருக்கிறார்கள். எப்படியோ கிறிஸ்து அறிவிக்கப்படுகிறாரே என்று அவர் மகிழ்கிறார். பிலிப்பியர் பண உதவியோடு அனுப்பிய எப்பாப்பிரோதீத்து நோயில் விழுந்து சாகும் தறுவாய்க்குப் போய்வந்தான். அவன் இறந்திருந்தால் துயரத்தின்மேல் துயரம் வந்திருக்கும் என்று பவுல் ஒளிக்காமல் எழுதுகிறார். மூன்றாம் அதிகாரத்தில் தான் அழுதுகொண்டே எழுதுவதாகவும் சொல்கிறார். நான்காம் அதிகாரத்தில், எப்போதும் மகிழுங்கள் என்ற புகழ்பெற்ற கட்டளைக்கு இரண்டே வசனங்களுக்கு முன்னால், எயோதியாள், சிந்திகேயாள் என்ற இரண்டு பெண்களின் மனத்தாங்கல் பேசப்படுகிறது. இருவரும் பவுலோடு தோளுக்குத் தோள் நின்று உழைத்தவர்கள், இப்போது ஒத்துப்போகவில்லை. சுவரில் மாட்டும் வசன அட்டைகள் கட்டளையை மட்டும் எடுத்துக்கொண்டு அந்தப் பெண்களை விட்டுவிடுகின்றன. ஆனால் சபையின் முன் உரக்க வாசிக்கப்பட்ட கடிதத்தில் முதலில் அவர்கள் பெயர் ஒலித்திருக்கும், பிறகுதான் மகிழ்ச்சி. இந்த மகிழ்ச்சி கண்ணீரை விரட்டிவிட்டு வந்து உட்காரவில்லை. கண்ணீர், பொறாமை, பிணக்கு, நோய், பணத்தட்டுப்பாடு எல்லாம் இருக்கும் அதே வீட்டில்தான் அது குடியிருக்கிறது. அதன் காரணம் சூழ்நிலையில் இல்லாததால் சூழ்நிலை மாறும்போது அது காலிசெய்துவிட்டுப் போவதில்லை.

ஒருவரின் கடிதத்தை வைத்து ஒரு மதத்தின் மையத்தைத் தீர்மானிக்கலாமா என்று கேட்கலாம். லூக்கா நற்செய்தியின் பதினைந்தாம் அதிகாரத்துக்குப் போகலாம். தொலைந்த ஆடு, தொலைந்த காசு, தொலைந்த மகன் என்ற மூன்று கதைகளும் கொண்டாட்டத்தை நோக்கியே போகின்றன. கெட்ட குமாரன் திரும்பி வந்தான் என்பதோடு நம் பிரசங்கங்கள் பெரும்பாலும் நின்றுவிடும். இயேசுவின் கதை அங்கே நிற்கவில்லை. வயலிலிருந்து வரும் மூத்தவன் ஆடல்பாடல் சத்தம் கேட்டு வாசலிலேயே நின்றுவிடுகிறான். இத்தனை வருடம் அடிமைபோல் உழைத்தேன், ஒரு கட்டளையையும் மீறவில்லை, எனக்கு ஓர் ஆட்டுக்குட்டி உண்டா என்கிறான். அவன் சொல்வதில் பொய் இல்லை. தந்தையின் வீடு அவனுக்கு வேலைத்தலமாக இருந்தது என்பதுதான் அவன் இழப்பு. தந்தை வெளியே வந்து வருந்தி அழைக்கிறார். அவன் உள்ளே போனானா என்று கதை சொல்லவில்லை. பாவியின் தூரத்தைவிட, மகிழ்ச்சியற்ற கடமையாளனின் தூரமே கடக்கக் கடினமானது என்ற கவலை அந்த முடிவில் தொனிக்கிறது. இறுக்கமானவர்கள் என்று பெயர்வாங்கிய பியூரிட்டன்களும் இதை அறிந்திருந்தார்கள். 1647இல் முடிக்கப்பட்ட வெஸ்ட்மின்ஸ்டர் குறு வினாவிடையின் முதல் கேள்வி, மனிதன் எதற்காக இருக்கிறான் என்பது. கடவுளை மகிமைப்படுத்துவதையும் அவரில் என்றென்றும் இன்புறுவதையும் இரண்டு நோக்கங்களாக வைக்காமல் ஒரே நோக்கமாகச் சேர்த்துக் கட்டினார்கள்.

இதற்கு எதிராகத் தத்துவத்தின் பக்கமிருந்து வரும் வலுவான குரல் இம்மானுவேல் காண்ட்டுடையது. 1785இல் வெளிவந்த அறவியல் நூலில், விருப்பத்தால் செய்யப்படும் நற்செயலுக்கு அறமதிப்பு இல்லை, கடமை என்பதற்காகச் செய்வதற்கே உண்டு என்று வாதிட்ட அவர், அயலானை நேசி என்ற வேதக் கட்டளையையும் செயலில் காட்டும் அன்பாக மட்டுமே கொள்ள வேண்டும், உணர்ச்சியைக் கட்டளையிட முடியாது என்றார். மகிழ்ச்சிக்காகக் கடவுளைத் தேடினால் கடவுள் வெறும் கருவியாகிவிட மாட்டாரா என்ற நியாயமான பயம் இதன் பின்னால் இருக்கிறது. அது சரியான பயம்தான், வேறொரு மகிழ்ச்சியைக் குறித்து. கடவுளிடமிருந்து கிடைக்கும் பொருளில் மகிழ்வதும் கடவுளில் மகிழ்வதும் ஒன்றல்ல. நண்பனைப் பார்க்கப் போகிறவன் அங்கே மகிழ்ச்சி கிடைக்கும் என்பதால்தான் போகிறான். அதனால் அவன் நண்பனைக் கருவியாக்கிவிட்டான் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். கடமைக்காக வந்தேன் என்று சொன்னால்தான் நண்பன் நோவான். மகிழ்ச்சி மையம் என்று சொல்லும்போது நான் குறிப்பது இந்த வகையை மட்டுமே. இன்று மேடைகளிலும் தொலைக்காட்சியிலும் வேலை, விசா, வீடு என்று பட்டியலிட்டு விற்கப்படும் ஆசீர்வாதம் இதற்கு நேர் எதிர். அத்திமரம் பூக்காமல், திராட்சை காய்க்காமல், தொழுவத்தில் ஆடுமாடு இல்லாமல் போனாலும் களிகூருவேன் என்கிற ஆபகூக் தீர்க்கதரிசிக்கு அந்த மேடைகளில் பேசக் கிடைக்கும் நேரம் மிகக் குறைவு.

இன்னொரு எதிர்வாதம் இதைவிட ஆழமானது. தத்துவ நூலிலிருந்து வராமல் வாழ்க்கையிலிருந்து வருவது. கடவுளில் மகிழ்ச்சியே கிடைக்காத பக்தர்களை என்ன செய்வது? கொல்கத்தாவின் அன்னை தெரசா தம் ஆன்மிக வழிகாட்டிகளுக்கு எழுதிய கடிதங்கள் 2007இல் நூலாக வந்தபோது உலகம் திகைத்தது. ஏறக்குறைய ஐம்பது ஆண்டுகள், பணியைத் தொடங்கிய காலத்திலிருந்தே, உள்ளே வறட்சியும் இருளும். மகிழ்ச்சிதான் மையம் என்றால் அவர் மையத்துக்கு வெளியே வாழ்ந்தவரா? நான் அப்படி எண்ணவில்லை. அந்தக் கடிதங்களில் இருப்பது அலட்சியம் அல்ல, ஏக்கம். ஒருபோதும் அறியாததற்காக அரை நூற்றாண்டு யாரும் ஏங்குவதில்லை. மகிழ்ச்சியின் உணர்வு விலகிய இடத்தில் மகிழ்ச்சிக்குரியவர்மீது வைத்த நாட்டம் விலகாமல் நிற்கிறது. பக்தி என்று நான் சொல்வது அந்த நிற்றலைத்தான். எண்பத்தெட்டாம் சங்கீதம் இருளில் தொடங்கி இருளிலேயே முடிகிறது, ஆறுதலாக ஒரு வரிகூட ஒட்டவைக்கப்படவில்லை. ஆனாலும் அது புகழ்ச்சிப் பாடல்களின் தொகுப்புக்குள்ளேயே வைக்கப்பட்டிருக்கிறது. தொகுத்தவர்கள் அதைக் கடவுளை நோக்கிய பாடலாகவே கேட்டார்கள். மனநிலையை விசுவாசத்தின் அளவுகோலாக்கி, மனச்சோர்வில் கிடக்கிறவரிடம் உனக்கு விசுவாசம் போதாது என்று சொல்லும் ஊழியர்களுக்கு இந்தச் சங்கீதத்தை எடுத்துக் காட்ட வேண்டும். அவர்கள் செய்வது கொடுமை. மகிழ்ச்சியை மையத்தில் வைக்கிறவன் அந்தக் கொடுமையை மற்றவர்களைவிடக் கூர்மையாக எதிர்க்கக் கடமைப்பட்டவன்.

தமிழில் இந்த மையத்தை எழுதிக் காட்டியவர்களில் எச். ஏ. கிருஷ்ணபிள்ளை தனித்து நிற்கிறார். 1827இல் நெல்லைச் சீமையில் வைணவ வேளாளக் குடும்பத்தில் பிறந்து, 1858இல் சென்னையில் ஞானஸ்நானம் பெற்றவர். ஜான் பன்யனின் மோட்சப் பிரயாணத்தைத் தழுவி அவர் பாடிய இரட்சணிய யாத்திரிகம் 1894இல் நூலாக வந்தது. பன்யனும் பிரசங்கம் செய்ததற்காகப் பெட்ஃபர்ட் சிறையில் பன்னிரண்டு ஆண்டுகள் கிடந்தவர். 1678இல் வெளிவந்த அந்த நூல் ஒரு பயணியின் அச்சங்களும் ஆபத்துகளும் நிறைந்த உரைநடைக் கதை. அதைக் கம்பனின் நடையறிந்த கை காப்பியமாக்கியபோது எதைக் கூட்டியது என்று பார்க்க வேண்டும். இயேசுவின் பாடுகளின் வரலாற்றை விரித்துப் பாடினார். காப்பியத்தின் ஓட்டத்துக்கிடையே தேவாரம் என்ற பெயரிலேயே இசைப்பாக்களை வைத்தார். கதை நகர்வதற்கு அவை தேவையில்லை. யாத்திரிகன் நின்று பாடுவதற்குத் தேவை. வழிப்பயணத்தின் அர்த்தம் போய்ச்சேரும் ஊரில் மட்டும் இல்லை, வழியிலேயே உருகிப் பாடக் கிடைக்கும் ஒருவரில் இருக்கிறது என்பதை ஆழ்வார்களின் பாசுரங்களில் வளர்ந்த ஒருவருக்கு யாரும் கற்றுத்தர வேண்டியிருக்கவில்லை. ஐரோப்பிய மிஷனரிகள் கொண்டுவந்த விசுவாசத்தில் ஏற்கெனவே இருந்த, ஆனால் அவர்களுடைய கோட்பாட்டு நூல்களில் ஒடுங்கிப்போயிருந்த ஒன்றை அவர் உரக்கச் சொன்னார். பக்தி மரபின் சாயத்தை அவர் கிறிஸ்தவத்தின்மேல் பூசினார் என்று சொல்கிறவர்கள் பிலிப்பியர் கடிதத்தை மறந்துவிடுகிறார்கள்.

அவருக்கு முன்பே தஞ்சாவூரில் வேதநாயகம் சாஸ்திரியார் (1774–1864) இருந்தார். பெத்லகேம் குறவஞ்சி 1800இல் இயற்றப்பட்டது. குறவஞ்சி காதலின் வடிவம். பவனி வரும் தலைவனைக் கண்டு மயங்கும் தலைவி அதன் உயிர். சாஸ்திரியார் அந்தத் தலைவிக்குத் தேவமோகினி என்று பெயர் வைத்துத் திருச்சபையை அங்கே நிறுத்தினார். கிறிஸ்தவனுக்கும் கடவுளுக்கும் இடையே இருப்பது வழக்கும் தீர்ப்பும் மட்டுமல்ல, மோகமும்தான் என்று அவ்வளவு துணிவாகச் சொன்ன நூல் தமிழில் வேறு உண்டா என்று தெரியவில்லை. அவருடைய கீர்த்தனைகள் இன்றும் தென்னிந்தியத் திருச்சபையிலும் லுத்தரன் சபையிலும் ஞாயிறுதோறும் பாடப்படுகின்றன.

அவரைப் போற்றி இங்கே நிறுத்திக்கொண்டால் நான் நேர்மையற்றவன். 1833இல் கல்கத்தா ஆயர் டேனியல் வில்சன், திருச்சபைக்குள் சாதி வேற்றுமை அறவே கூடாது, திருவிருந்தில் எல்லாரும் பேதமின்றிச் சேர வேண்டும் என்று கடிதம் அனுப்பினார். தஞ்சாவூர்ச் சபையில் பெரும் பிளவு ஏற்பட்டது. அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்பிருந்தே மிஷனரிகளோடு மோதிக்கொண்டிருந்த சாஸ்திரியார் சாதி வழக்கத்தின் பக்கம் நின்றார், அதற்காக எழுதவும் செய்தார். மோதலில் வேறு விஷயங்களும் கலந்திருந்தன. தமிழ் இசையையும் பண்டிகைகளையும் மிஷனரிகள் கட்டுப்படுத்தியதில் அவர் கோபம் நியாயமானது. ஆனால் ஒரே கிண்ணத்திலிருந்து பருக மாட்டோம் என்பதை எந்த நியாயத்தாலும் மூட முடியாது. அமெரிக்காவில் இதற்கு இணையான ஒருவர் இருந்தார். ஜோனத்தன் எட்வர்ட்ஸ் 1746இல் வெளியிட்ட சமய உணர்வுகள் பற்றிய நூல், புனித மகிழ்ச்சியைப் போலியிலிருந்து பிரித்தறிவதில் இன்றுவரை மிஞ்ச முடியாதது. கடவுளால் எனக்குக் கிடைக்கும் நன்மையில் மகிழ்கிறேனா, கடவுளின் அழகிலேயே மகிழ்கிறேனா என்று மனத்தைத் துருவிக் கேட்டவர். அவரே 1731இல் நியூபோர்ட்டுக்குப் போய் வீனஸ் என்ற ஆப்பிரிக்கச் சிறுமியை விலைக்கு வாங்கினார். விற்பனைப் பத்திரம் இன்றும் இருக்கிறது.

இதை வைத்து எழும் எதிர்வாதத்துக்கு முன்னால் காண்ட்டின் வாதம் சிறியது. பக்தியின் களிப்பு அநீதியோடு இவ்வளவு சுகமாகக் கூடிவாழ முடியுமென்றால் அதை மையம் என்று கொண்டாடுவது ஆபத்தல்லவா? மகிழ்ச்சியைக் கொஞ்சம் ஒதுக்கிவைத்து நீதியை மையத்துக்குக் கொண்டுவருவதுதானே முறை? அடிமைத்தளையிலிருந்து 1838இல் தப்பிய ஃபிரெடரிக் டக்ளஸ் 1845இல் எழுதிய தன்வரலாற்றில் இந்த ஆபத்தின் மறுபக்கத்தைத் தொட்டுக் காட்டினார். அடிமைகள் பாடுவதைக் கேட்டு அவர்கள் மகிழ்ச்சியாகத்தான் இருக்கிறார்கள் என்று வடக்கே இருந்தவர்கள் நினைத்துக்கொண்டார்கள். அதைவிடப் பெரிய பிழை இல்லை என்றார் அவர். அந்தப் பாடல்களின் ஒவ்வொரு சுரமும் சங்கிலிக்கு எதிரான சாட்சியாக அவருக்குக் கேட்டது. ஆண்டைகளின் தேவாலயத்திலும் பாட்டு இருந்தது, அடிமைகளின் குடிசைகளிலும் பாட்டு இருந்தது. இரண்டையும் ஒரே மகிழ்ச்சி என்று சொல்கிறவன் எதையும் கேட்கவில்லை. டக்ளஸின் எச்சரிக்கையை நான் முழுமையாக ஏற்கிறேன்: பாட்டு திருப்திக்குச் சான்று ஆகாது. ஆனால் விடுதலைக்குப் பின் 1871இல் நாஷ்வில்லிலிருந்து கிளம்பி அந்தப் பாடல்களை உலகத்துக்குக் கொண்டுபோன ஃபிஸ்க் பல்கலைக்கழக மாணவர்களின் குழுவுக்கு ஜூபிலி என்றே பெயர் வைக்கப்பட்டது. லேவியராகமத்தில் ஜூபிலி என்பது எக்காளம் ஊதி அடிமைகளை விடுவிக்கும் ஐம்பதாம் ஆண்டு. விடுதலை ஆணையாகவும் கொண்டாட்டமாகவும் ஒன்றாக இருக்கும் ஒரு மகிழ்ச்சியை அந்தப் பெயர் வேதத்திலிருந்து எடுத்து வந்தது.

என் பதில் அங்கிருந்துதான் வருகிறது. வேதாகமத்தில் மகிழ்ச்சி ஒரு தனிமனிதனின் நெஞ்சுக்குள் நிகழும் இன்பமாக வருவது குறைவு. பெரும்பாலும் அது ஒரு பந்தி. பந்தியில் யார் யார் உட்கார வேண்டும் என்பதும் எழுதப்பட்டிருக்கிறது. உபாகமம் பதினாறாம் அதிகாரம் பண்டிகையில் மகிழக் கட்டளையிடும்போது நீ மட்டும் என்று சொல்லவில்லை. மகன், மகள், வேலைக்காரன், வேலைக்காரி, நிலமில்லாத லேவியன், பரதேசி, திக்கற்ற பிள்ளை, விதவை என்று ஒவ்வொருவராகச் சொல்கிறது, அடுத்த பண்டிகைக்கு வரும்போது மறுபடியும் முழுப் பட்டியலையும் சொல்கிறது. நெகேமியாவின் காலத்தில் நியாயப்பிரமாணம் வாசிக்கக் கேட்டு மக்கள் அழுதபோது, அழ வேண்டாம், போய்க் கொழுமையானதை உண்ணுங்கள் என்று சொன்ன அதே மூச்சில், ஒன்றும் ஆயத்தம் செய்ய முடியாதவர்களுக்குப் பங்கு அனுப்புங்கள் என்றும் சொல்லப்பட்டது. ஆமோஸின் கடவுள் நீதியில்லாதவர்களின் பாட்டுச் சத்தத்தைத் தன்னைவிட்டு அகற்றச் சொல்கிறார். பாட்டு இருக்கட்டும், கூடவே கொஞ்சம் நீதியும் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று அவர் பேரம் பேசவில்லை. கொரிந்து சபையில் வசதியுள்ளவர்கள் முந்தித் தின்று குடித்துவிட, ஏழைகள் பசியோடு நின்றார்கள். பவுல் அதை நல்ல விருந்தில் நடந்த ஒரு குறையாகப் பார்க்கவில்லை. நீங்கள் உண்பது கர்த்தருடைய விருந்தே அல்ல என்கிறார்.

எனவே தஞ்சாவூரிலும் நியூபோர்ட்டிலும் நடந்ததை மகிழ்ச்சி மிகுந்து நீதி குறைந்த நிலை என்று நான் ஏற்க மாட்டேன். மகிழ்ச்சியே அங்கே ஊனப்பட்டிருந்தது. கடவுளில் உண்மையாக இன்புறுகிறவன் அவர் யாரில் இன்புறுகிறாரோ அவர்களோடு உட்கார மறுக்க முடியாது; மறுத்தால் அவன் இன்புறுவது வேறு எதிலோ, தன் குரலில், தன் குலத்தில், தன் உருக்கத்தில். எட்வர்ட்ஸ் தம் நூலில் மெய்யான சமய உணர்வுக்குப் பன்னிரண்டு அடையாளங்கள் தந்தார். கடைசியாகவும் மிக விரிவாகவும் அவர் பேசியது நடத்தை என்ற அடையாளத்தை. வீனஸின் விற்பனைப் பத்திரத்தை அந்தப் பன்னிரண்டாம் அடையாளத்தின் பக்கத்தில் வைத்தால் அவருக்கு எதிராக வெளியிலிருந்து ஒரு நீதிபதியும் வர வேண்டியதில்லை. மகிழ்ச்சியை மையத்திலிருந்து நகர்த்தினால் இந்தக் கூர்மையான விசாரணை நமக்குக் கிடைக்காமல் போகும். நீதி தவறினீர்கள் என்று சொன்னால் சபை ஒரு தீர்மானம் போட்டு ஒரு குழு அமைத்துவிடும். நீங்கள் பாடியது துதியே அல்ல என்று சொன்னால் ஒளிந்துகொள்ள இடமில்லை.

தமிழ்நாட்டுத் திருச்சபைகளில் இந்த விசாரணை முடியவில்லை. சாதிவாரியாகக் கல்லறைத் தோட்டங்களைப் பிரித்து வைத்திருக்கும் ஊர்கள் இருக்கின்றன. தனித் தெரு, தனித் தேர்ப் பவனி, ஆயர் தேர்தலில் சாதிக் கணக்கு எல்லாம் ஊரறிந்தவை. அதே நேரத்தில், 1833இல் எந்த மக்களோடு கிண்ணத்தைப் பகிர மாட்டோம் என்றார்களோ அந்த மக்களின் வழித்தோன்றல்கள் இன்று தங்கள் ஆலயங்களில் சாஸ்திரியாரின் கீர்த்தனைகளைத் தம்முடையவையாகவே பாடுகிறார்கள். இயற்றியவர் எதிர்பார்த்த பந்தியைவிடப் பாட்டு கேட்ட பந்தி பெரியது. அவர்கள் அதில் உட்கார்ந்துவிட்டார்கள். இன்னும் வாசலில் நிற்பவர்கள் யார் என்பதை ஒவ்வொரு சபையும் தன் கல்லறைத் தோட்டத்தின் வரைபடத்தைப் பார்த்தே சொல்லிவிடலாம்.